அமெரிக்கா பன்னிரண்டு வருஷம் கடலை போட்ட கதை

அரசாங்கம் ஃபைலைத் தொலைக்கும். பட்டாவைத் தொலைக்கும். ஓய்வூதியக்காரர் உயிரோடு இருப்பதற்குக் கொடுத்த சான்றைத் தொலைத்துவிட்டு, அவரையே கூப்பிட்டு 'நான் இன்னும் சாகவில்லை' என்று மறுபடி எழுதி வாங்கும். இதெல்லாம் நமக்குப் பழகிய சங்கதி. ஆனால் சட்டத்தையே தொலைத்துவிட்டு, தொலைந்தது தெரியாமல், அந்தச் சட்டத்தை மீறியதாக ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்த பெருமை 1933-ஆம் வருஷத்து அமெரிக்க அரசையே சேரும். நாமும் ஒருமுறை கிட்டே போயிருக்கிறோம், அது பிறகு.

கதை எண்ணெயில் தொடங்குகிறது. 1930-இல் கிழக்கு டெக்சாஸில் 'டாட்' ஜாய்னர் என்ற எழுபது வயதுக் கிழவர், பெரிய கம்பெனிகளின் நிபுணர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன நிலத்தில் துளை போட்டார். எண்ணெய் பீறிட்டது. உடனே ஊரே துளை போட்டது. அடுத்த வருஷம் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 10 சென்ட்டுக்கு விழுந்தது. கவர்னர் கிணறுகளை மூட ராணுவத்தை அனுப்பினார். ஒரு கிணற்றில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று மாநில அரசு அளவு வைத்தது. அளவு வைத்தால் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதையே டெக்சாஸ்காரர்களும் செய்தார்கள்: ராத்திரியில் இறைத்தார்கள். இந்தத் திருட்டு எண்ணெய்க்கு 'சூடான எண்ணெய்' என்று பெயர் வந்தது.

1933-இல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். நாடு மந்தத்தில் கிடந்தது. தேசியத் தொழில் மீட்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'நியாய வியாபார விதித்தொகுப்பு' எழுதலாம், ஜனாதிபதி கையெழுத்துப் போட்டால் அது சட்டம், மீறினால் தண்டனை. எழுதியவர்கள் யார் என்றால் அந்தந்தத் தொழிலின் சங்கத்தார். சங்கத்தில் குரல் பெரிதாக இருப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பூனையிடமே பால் சட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு, அதற்குப் 'பங்கேற்பு' என்று பெயர் வைத்தார்கள். நாய்த் தீனித் தொழிலுக்குக்கூட ஒரு தொகுப்பு வந்தது. நாய்களைக் கேட்டார்களா என்பது பதிவில் இல்லை.

பெட்ரோலியத் தொகுப்பு ஆகஸ்ட் 1933-இல் வந்தது. மாநிலம் வைத்த அளவுக்கு மேல் எண்ணெய் எடுப்பது குற்றம் என்பது அதில் ஒரு பத்தி. செப்டம்பர் 13 அன்று தொகுப்பைத் திருத்தி மறுபடி எழுதினார்கள். திருத்தி எழுதியதில் அந்தப் பத்தி விழுந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை, விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருஷம், இல்லாத அந்தப் பத்தியின் கீழ் வழக்குகள் நடந்தன. ஸ்மித் என்பவர் உட்படச் சிலர் கைதானார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போயின. கீழ்க் கோர்ட்டு ஒரு மாதிரி தீர்ப்புச் சொன்னது, மேல் கோர்ட்டு வேறு மாதிரி சொன்னது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் தொண்டை வறளப் பேசினார்கள். ஒருவராவது அசலைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு எங்கே போவது? நம்மூரில் அரசு ஆணை என்றால் கெஜட் உண்டு. அதற்கு முன்னால் தண்டோரா இருந்தது. ஊர் நடுவில் பறையை அடித்து, 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று ஒருத்தர் கத்திவிட்டுப் போவார். இங்கிலாந்தில் 1665 முதலே கெஜட் இருக்கிறது. உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுக்கப் புறப்பட்ட அமெரிக்காவில் 1934-இல்கூட இரண்டுமே இல்லை. அலுவலகங்கள் விதி போட்டன. தட்டெழுதி ஒரு மேசை டிராயருக்குள் வைத்தன. மனம் வந்தால் பத்திரிகைக் குறிப்பாக வெளியிட்டன. மீட்புச் சட்டத்தின் முதல் வருஷத்தில் மட்டும் இப்படிப் பிறந்த 'சட்டம்' 10,000 பக்கத்தைத் தாண்டும் என்று அப்போதே கணக்குப் போட்டுத் தலையில் கை வைத்தார்கள்.

அரசுத் தரப்புக்கே விஷயம் 1934 செப்டம்பரில்தான் தெரிந்தது. அவசர அவசரமாகப் பத்தியைத் திரும்பச் செருகினார்கள். ஸ்மித் வழக்கின் அப்பீலைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் பனாமா ரிஃபைனிங் கம்பெனியின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நின்றது. டிசம்பர் 10 அன்று விசாரணை. அப்போது உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்த வீடுகூடக் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒண்டுக் குடித்தனம். அரசு வக்கீல் எழுந்து, நாங்கள் அமல்படுத்திய விதி அமலில் இருக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை. நீதிபதி பிராண்டைஸ் விடவில்லை. இந்த ஆணைகளையெல்லாம் ஒரு சாதாரணக் குடிமகன் எங்கே போய்ப் பார்ப்பான் என்று குடைந்தார். கம்பெனிகளின் வக்கீல் ஃபிஷர், டெக்சாஸிலிருந்து வந்த ஆள், தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: நான் பார்த்த ஒரே பிரதி, டெக்சாஸுக்கு வந்த அரசு ஏஜென்டின் பேன்ட் பின்பாக்கெட்டில் இருந்தது.

அந்தப் பின்பாக்கெட்டை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு தேசத்தின் சட்டம் முழுவதும், டெக்சாஸ் வெயிலில், ஒரு மனிதரின் வியர்வையில் ஊறிக்கொண்டு. அவர் பேன்ட்டைத் துவைக்கப் போட்டால் அன்றைக்கு ஊரில் குற்றமே கிடையாது.

1935 ஜனவரி 7 அன்று எட்டுக்கு ஒன்று என்று அரசு தோற்றது. அதற்குச் சொன்ன முக்கியக் காரணம் வேறு: நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை அளவுகோல் இல்லாமல் ஜனாதிபதியிடம் அள்ளிக் கொடுத்துவிட்டது என்பது. நாலு மாதம் கழித்து, மே 27 அன்று, கோழி விழுந்தது. புரூக்ளினில் ஷெக்டர் சகோதரர்கள் கோழி மொத்த வியாபாரம் செய்தார்கள். நியூயார்க் கோழித் தொகுப்பின்படி, வாங்க வருகிறவர் கூண்டுக்குள் பார்த்து நல்ல கோழியாகப் பொறுக்கக் கூடாது. கை விட்டால் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஷெக்டர்கள் பொறுக்க விட்டார்கள். இதற்குச் சிறைத் தண்டனை. உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் இதை விளக்கியபோது, கோழிகள் எல்லாம் கூண்டின் ஒரு மூலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நீதிபதி விவரம் கேட்டார். கோர்ட்டே சிரித்தது. ஒன்பது பேரும் ஒருமுகமாகத் தொகுப்பு செல்லாது என்றார்கள். மார்க்கெட்டில் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் உரிமைக்கு இவ்வளவு உயரத்திலிருந்து ஆதரவு கிடைத்தது அதுவே முதல் முறையாக இருக்கும்.

இதற்கிடையில் ஹார்வர்டில் எர்வின் கிரிஸ்வால்ட் என்ற இளம் சட்டப் பேராசிரியர், அரசு தன் சட்டத்தைத் தானே அறியாமல் கிடக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அது பெரிய இடங்களில் படிக்கப்பட்டது. 1935 ஜூலையில் 'ஃபெடரல் ரிஜிஸ்டர்' சட்டம் வந்தது. இனி எந்த விதியும் அந்த அரசிதழில் அச்சானால்தான் செல்லும். முதல் இதழ் 1936 மார்ச் 14 தேதியிட்டு, 16 பக்கத்தில் வெளிவந்தது. முதல் ஆவணம், தென் கரோலினாவில் வலசைப் பறவைகளின் சரணாலயம் ஒன்றைப் பெரிதாக்கும் ஆணை. பறவைகள் ஆட்சேபணை தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

நம் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் மகாராஜா சிறுவனாக இருந்தபோது, மந்திரி சபை 1923-இல் ஒரு தீர்மானம் போட்டு அபின் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நிறைவேற்றி வைத்துக்கொண்டது. வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அந்தச் சட்டத்தின் கீழ் ஹார்லா என்பவருக்கு 50 ரூபாய் அபராதம் விழுந்தது. மனிதர் அந்த ஐம்பது ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 1951-இல் நீதிபதி விவியன் போஸ், வெளியே சொல்லாத சட்டம் சட்டமே இல்லை என்று தீர்த்தார். ஆகவே அமெரிக்காவில் பின்பாக்கெட் என்றால் இங்கே சமஸ்தான அலமாரி. வித்தியாசம் துணியில்தான்.

சட்டத்தை வெளியே சொல்வது சரி. சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டாமா? இதற்காக அமெரிக்கர்கள் இன்னொரு பத்து வருஷம் அடித்துக்கொண்டார்கள். 1940-இல் வந்த ஒரு மசோதாவை ரூஸ்வெல்ட் ரத்து செய்தார். கடைசியில் 1946 ஜூன் 11 அன்று ட்ரூமன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இரு அவையிலும் ஒரு எதிர்ப்பு ஓட்டு இல்லை. அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். சட்டம் விதி போடுவதற்கு இரண்டு பாதை வைத்தது. ஒன்று காகிதப் பாதை: வரைவை அச்சிடு, யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பட்டும், படித்துப் பார், பிறகு உன் காரணத்தைச் 'சுருக்கமாக' எழுதி முடிவைச் சொல். (அந்தச் 'சுருக்கம்' இன்று சாதாரணமாகவே நூற்றுக்கணக்கான பக்கம் ஓடுகிறது. வக்கீல்கள் கையில் எது கிடைத்தாலும் தடிக்கும்.) இன்னொன்று கோர்ட்டுப் பாதை: சாட்சி, சத்தியப் பிரமாணம், குறுக்கு விசாரணை, பதிவான சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவு. எந்த விதிக்கு எந்தப் பாதை என்பதை அந்தந்தத் துறையின் சட்டம் சொல்லும். சாப்பாட்டு விஷயத்தில், எந்த ஜாதகப் பொருத்தமோ, இரண்டாவது பாதை வாய்த்தது.

வாய்த்த விதம் இது. 1906-இல் வந்த பழைய உணவுச் சட்டத்தில் ஒரு ஓட்டை: கலப்படப் பண்டத்துக்கு முன்பின் தெரியாத ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். 'பிரெட்-ஸ்பிரெட்' என்று ஒரு சாமான் வந்தது. ஜாம் புட்டி, ஜாம் நிறம், ஸ்டிராபெரி வாசம். பழம் மட்டும் ஜாமுக்கு உண்டான அளவில் இல்லை. ஜாம் என்று நாங்கள் எங்கே சொன்னோம் என்று கேட்டார்கள். 1931-இல் கோர்ட்டும் அதானே என்றது. 1937-இல் ஒரு சல்பா மருந்தை விஷக் கரைப்பானில் கலக்கி விற்றதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அன்றிருந்த சட்டப்படி அரசு அந்தக் கம்பெனி மேல் போட முடிந்த குற்றச்சாட்டு, 'எலிக்ஸிர்' என்று லேபிளில் போட்டுவிட்டு உள்ளே சாராயம் சேர்க்கவில்லை என்பதுதான். 1938-இல் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பண்டத்துக்கும் 'இது இதுதான்' என்று ஒரு இலக்கணம் வகுக்கும் அதிகாரம் உணவு மருந்து நிர்வாகத்துக்கு, அதாவது எஃப்.டி.ஏ.வுக்கு வந்தது. ஆனால் அதற்குக் கோர்ட்டு மாதிரி விசாரணை நடத்தியாக வேண்டும் என்று வியாபாரிகள் ஒரு பிரிவைச் செருகிக்கொண்டார்கள். இதைச் செருகிய புண்ணியவான் யாராயிருந்தாலும் அவர் குடும்பத்தில் வக்கீல்கள் இருந்திருக்க வேண்டும்.

இனி கடலை.

பீநட் பட்டர் என்பது வறுத்த வேர்க்கடலையை மைய அரைத்த விழுது. நம் வீட்டு அம்மியில் ஆகாதது ஒன்றுமில்லை. மான்ட்ரியாலைச் சேர்ந்த எட்ஸன் என்பவர் 1884-இல் கடலை விழுதுக்குக் காப்புரிமை வாங்கினார். சோளச் சீவல் புகழ் டாக்டர் கெல்லாக், தன் சானடோரியத்து நோயாளிகளுக்கு இதை ஊட்டினார். அவர் ஊட்டாதது என்ன என்பது வேறு ஆராய்ச்சி. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அதை மறந்துவிடலாம். இந்த விழுதில் ஒரு தொல்லை: நாளாக நாளாக எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் கட்டி தட்டும். 1920-களின் தொடக்கத்தில் ரோஸ்ஃபீல்ட் என்ற கலிஃபோர்னியாக்காரர் வழி கண்டார். எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிக் கொஞ்சம் சேர்த்தால் பிரியாது. புரியும்படி சொன்னால், கொஞ்சம் டால்டா. அவர் பின்னால் 'ஸ்கிப்பி' என்ற பிராண்டை ஆரம்பித்தார். 'பீட்டர் பான்' அதற்கு முன்பே கடையில் இருந்தது. 1958-இல் 'ஜிஃப்' வந்து சேர்ந்தது.

பிரியாமல் இருக்கக் கொஞ்சமே போதும். ஆனால் கடலை விலை அதிகம், கெட்டி எண்ணெய் விலை குறைவு. ஆகவே கொஞ்சம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. எஃப்.டி.ஏ. புட்டிகளைத் திறந்து சோதித்து முகம் சுளித்தது. 1959 ஜூலையில் வரைவு போட்டது: பீநட் பட்டர் என்று லேபிள் ஒட்டினால் உள்ளே 95 சதவீதம் கடலை இருக்க வேண்டும். கம்பெனிகள் குய்யோ முறையோ என்றன. எஃப்.டி.ஏ. இறங்கி 90 என்றது. கம்பெனிகள் 87-இல் நின்றன.

இடைவெளி மூன்று சதவீதம். 340 கிராம் புட்டியில் பத்து கிராம். பஸ் ஸ்டாண்டில் கூம்புப் பொட்டலம் மடிக்கிறவர் கொசுறாகப் போடும் அளவு. இதைத் தீர்க்க எத்தனை காலம் ஆகும்? 1961-இல் கென்னடி, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நிலாவில் மனிதனை இறக்குவோம் என்றார். அப்போது கடலை விவகாரத்துக்கு இரண்டு வயது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தார். அன்றைக்குக் கடலை ஃபைல் ஃபிலடெல்ஃபியாவின் அப்பீல் கோர்ட்டில் இருந்தது.

நடுவில் என்ன நடந்தது? ஆட்சேபணை, திருத்தம், மறு அறிவிப்பு, மறு ஆட்சேபணை. பிறகு 1965 கடைசியிலிருந்து 1966 வரை அந்தப் புகழ்பெற்ற விசாரணை. சாட்சிகள் சத்தியம் செய்து கடலையைப் பற்றி உண்மை சொன்னார்கள். பீநட் பட்டர் என்றால் வரலாற்றில் என்ன அர்த்தம் என்று நிறுவ, பழைய சமையல் புத்தகங்களும் காப்புரிமைகளும் சாட்சிக் கூண்டேறின. கம்பெனி வக்கீல்கள் ஒவ்வொரு சாட்சியையும் வரிசையாகக் குறுக்கு விசாரணை செய்தார்கள். ஒரு வக்கீல் கேட்டதையே இன்னொரு கம்பெனியின் வக்கீல் வேறு குரலில் கேட்டார். விசாரணைப் பதிவு மட்டும் 7,736 பக்கம். இது கடலையைப் பற்றி. நம்மூர் முன்சீப் கோர்ட்டில் வரப்புத் தகராறு மூன்று தலைமுறை ஓடுவதை இளப்பமாகப் பேசுகிறவர்கள் அந்த 7,736 பக்கத்தையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு வர வேண்டும். நம் வழக்கில் வரப்பாவது இருக்கிறது.

அந்த அறையில் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரூத் டெஸ்மண்ட். வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் குடும்பம் நடத்திய அம்மாள். 1959-இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து இல்லத்தரசிகள் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியவர். வக்கீல் இல்லை, வேதியியல் பட்டம் இல்லை. விசாரணை நடந்த நாளெல்லாம் வந்து உட்கார்ந்தார். அவருடைய வாதத்தில் சிக்கல் எதுவும் கிடையாது: கடலை என்று சொல்லி டால்டாவை விற்காதே. பத்திரிகைகள் அவருக்குப் 'பீநட் பட்டர் பாட்டி' என்று பெயர் வைத்தன. செல்லமாகவா, கிண்டலாகவா என்று பத்திரிகைகளுக்கே தெரிந்திருக்காது. கம்பெனி வக்கீல்களுக்கு மணிக்கணக்கில் ஃபீஸ் ஓடியது. வாய்தா அவர்களுக்கு வருமானம். பாட்டிக்கு அது வெறும் அலைச்சல். இருந்தும் அவர் அடுத்த நாளும் வந்தார். பொதுமக்கள் பங்கேற்பு என்று சட்டப் புத்தகங்கள் எத்தனையோ அத்தியாயம் எழுதுகின்றன. எனக்குத் தெரிந்து அதன் முழு வடிவம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த நாற்காலிதான், மற்றதெல்லாம் உரை.

1968 ஜூலையில் எஃப்.டி.ஏ. தீர்ப்புச் சொன்னது: 90 சதவீதம் கடலை. மொத்தக் கொழுப்பு 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செயற்கை வாசனை, செயற்கை இனிப்பு, சாயம் எதுவும் கூடாது. ஸ்கிப்பியை வைத்திருந்த கார்ன் புராடக்ட்ஸும், பீட்டர் பானை வைத்திருந்த டெர்பி ஃபுட்ஸும் அப்பீல் போயின. 1970 மே மாதம் அப்பீல் கோர்ட்டு, எஃப்.டி.ஏ. சொன்னதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது என்றது. 7,736 பக்கத்தில் இல்லாமல் போகுமா? டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1971 மே 3 அன்று விதி அமலுக்கு வந்தது. ஐசன்ஹோவர் காலத்தில் தொடங்கியது. கென்னடி போனார், ஜான்சன் போனார், நிக்சன் நாற்காலியில் இருந்தார். 1959-இல் ரொட்டியில் தடவிக் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்த குழந்தை, முறையான பீநட் பட்டர் வந்தபோது மீசை வைத்திருந்தது.

சட்டப் பேராசிரியர்களுக்கு இது அல்வா. விதி போடும்போது ஊரைக் கூட்டிச் சாட்சி விசாரித்தால் என்ன கதி ஆகும் என்பதற்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்தக் கடலைதான் உதாரணம். மாணவர்கள் சிரிப்பார்கள், பேராசிரியர் பக்கத்தைத் திருப்புவார். சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்தேன். ஆனால் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. புது விதி வரும்வரை பழைய நிலைமை தொடரும். தாமதமான ஒவ்வொரு வருஷமும் அந்த எண்ணெய் கடலை விலைக்கு விற்றது. வக்கீல் ஃபீஸ் போக மிச்சம் லாபம். பன்னிரண்டு வருஷத்தை இழுத்தது கேள்வி கேட்கும் முறையா, கேள்வி கேட்டே பிழைத்தவர்களா? கூடத்தில் பேச்சு நீண்டதற்குப் பழி விழுந்தது என்னவோ கூடத்தின் மேல்தான்.

பழி விழுந்ததோடு பூட்டும் விழுந்தது. 1973 ஜனவரியில் ஃப்ளோரிடா கிழக்குக் கரை ரயில்வே வழக்கு. சரக்குப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு. அடுத்த ரயில்வேயின் பெட்டியை வாங்கித் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு நாள் வாடகையை உயர்த்தி ஒரு விதி. 'விசாரணைக்குப் பின்' விதி போடலாம் என்றிருந்தது சட்டம். எங்களை நேரில் கூப்பிட்டுக் கேட்கவில்லையே என்றது ரயில்வே. விசாரணை என்றால் நேரில் பேசுவது என்று யார் சொன்னது, எழுதிக் கொடுத்தாயே, அதுவும் விசாரணைதான் என்று நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். அத்தோடு கோர்ட்டுப் பாதையில் புல் முளைத்தது. 1990-இல் உணவு இலக்கணங்களில் பெரும்பாலானவற்றையும் காகிதப் பாதைக்கு மாற்றினார்கள். பால் பண்டங்களுக்குப் பழைய முறையை விட்டு வைத்தார்கள்; பால்காரர்களுக்கு நாடாளுமன்றத்தில் வேண்டியவர்கள் இருந்தார்கள் என்று கொள்ளலாம். குறுக்கு விசாரணை போயிற்று. வக்கீல்கள் போகவில்லை, எழுதத் தொடங்கினார்கள். உட்காருவதற்கு நாற்காலி இல்லாமல் போனது பாட்டிமார்களுக்குத்தான்.

காகிதப் பாதை பின்னால் மின்பாதை ஆனது. 2017-இல் இணையச் சமநிலை விதியை எடுத்துவிடலாமா என்று தகவல்தொடர்பு ஆணையம் நாட்டைக் கேட்டது. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் வந்தன. ஜனநாயகம் இப்படிப் பொங்கி வழிந்து யாரும் பார்த்ததில்லை. நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பொறுமையாக உட்கார்ந்து அலசி 2021-இல் அறிக்கை வெளியிட்டது. வந்த கருத்துகளில் சுமார் 1 கோடியே 80 லட்சம் போலி. விதியை எடுக்கச் சொல்லி இணைய சேவைக் கம்பெனிகளின் காசில் நடந்த பிரசாரத்தில் இருந்து 85 லட்சம். செத்துப்போனவர்கள்கூடக் கல்லறையிலிருந்து எழுந்து இணைய வேகம் குறித்துக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். நம் வாக்காளர் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. விதியைக் காப்பாற்றச் சொல்லி வந்த போலிகளில் 77 லட்சத்தைக் கல்லூரி மாணவர் ஒருவர் தனி ஆளாக, மென்பொருளை ஓடவிட்டு, இல்லாத பெயர்களில் அனுப்பியிருந்தார். வயது 19.

ஆணையத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் இடைஞ்சலாக இருக்கவில்லை. 2017 டிசம்பர் 14 அன்றே ஓட்டெடுத்து, மூன்றுக்கு இரண்டு என்று விதியை நீக்கிவிட்டது. கட்சிவாரியாகப் பிரிந்து ஓட்டுப் போட்ட அந்த ஐந்து பேரும் நிஜமான ஆட்கள். அதில் மட்டும் நியூயார்க் அலுவலகத்துக்குச் சந்தேகம் எழவில்லை.